தொடர் துறையில் டைம்அவுட்

டைம்அவுட் என்பது, தொடர் துறை வழியே பதில் வருவதற்காக நுண்கட்டுப்படுத்தி காத்திருக்கும் உச்ச நேரமாகும். இவ்வரம்பு இல்லையேல், கம்பி அறுந்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

அருள்புரத்தில் உள்ளது போன்ற சாயக் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கான பாய்வுமானிகள் பல, மோட்பஸ் ஆர்டியூ நெறிமுறையில் அளவுகளை அனுப்பக்கூடியவை. இதில் 3.5 எழுத்து நேர அமைதி, செய்தியின் முடிவைக் குறிக்கும். 9600 பாட் வேகத்தில் இது சுமார் 4 மில்லி விநாடி. செய்தியின் இறுதியில் வரும் சிஆர்சி சரிபார்ப்பு எண் பொருந்தாவிடில், அச்செய்தியை நிராகரித்து மீண்டும் கேட்க வேண்டும்.

சில முயற்சிகளுக்குப் பின்னும் பதில் இல்லையெனில், பிழை என்றே பதிவிட வேண்டும். பழைய அளவையே தொடர்ந்து காட்டினால், இணைப்பு அறுந்தது தெரியாது. கழிவுநீர்ச் சிக்கலால் 2011-இல் நீதிமன்ற உத்தரவின்படி சாய ஆலைகள் மூடப்பட்ட திருப்பூரில், அது சிறு பிழையன்று.