மூளை அடங்கிய பிறகு

சங்கரன்கோவில் பக்கம் விபத்தில் யாருக்காவது தலையில் பலத்த அடி என்றால், பெரும்பாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவார்கள். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை ஊரார் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே மூளைச்சாவு என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்தார் மானிட்டரைப் பார்த்துக் கேட்பார்கள்: "நெஞ்சு அடிச்சிக்கிட்டுத்தானே இருக்கு?"

நியாயமான கேள்வி. இதயம் துடிக்க மூளையின் உத்தரவு வேண்டியதில்லை. அதன் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுவே மின்துடிப்பை எழுப்பும். ஆக்சிஜன் கிடைக்கும்வரை துடிக்கும். மூச்சு அப்படியல்ல, மூளைத்தண்டு சொன்னால்தான் உண்டு. ஆகவே வென்டிலேட்டரைக் கழற்றி, குழாய் வழியே ஆக்சிஜனை மட்டும் விட்டு, மார்பையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். துளி உயிர் இருந்தாலும் மூளைத்தண்டு ஒரு மூச்சாவது இழுத்துவிடும். மார்பு அசையாவிட்டால், 6 மணி நேரம் கழித்து மறுபடியும் எல்லாச் சோதனைகளும். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டும். அவர்களில் ஒருவரும் உறுப்பு மாற்றும் குழுவில் இருக்கக் கூடாது.

குடும்பம் உறுப்புதானத்துக்குச் சம்மதித்த பிறகுதான் கடினமான வேலை. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் மூளையிலிருந்து வருவது நின்றுவிட்டதால் நீர் லிட்டர் கணக்கில் வெளியேறும். ரத்த அழுத்தம் சரியும், உடல் குளிரும். செவிலியர்கள் வெளியேறும் நீரை அளந்து அளந்து ஈடுசெய்து, ஹார்மோனை ஊசியில் ஏற்றி, போர்வையால் சூடேற்றி, இறந்துபோன ஒருவரின் உறுப்புகளை இரவெல்லாம் காக்கிறார்கள். இந்தச் செலவு குடும்பத்தின் தலையில் விழுவதில்லை.

தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய திட்டத்தை இப்போது உறுப்பு மாற்று ஆணையம் நடத்துகிறது. யாருக்கு எந்த உறுப்பு என்பதைக் காத்திருப்போர் பட்டியலே தீர்மானிக்கும். ஏழை நோயாளியின் அறுவைக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. 2023 முதல் தானம் தந்தவருக்கு இறுதிச் சடங்கில் அரசு மரியாதை உண்டு. எல்லாம் நல்லதே. ஆனால் அந்த இரவுப் பணிக்குத் தேவையான படுக்கைக்கும் செவிலியருக்கும்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். அங்கே தவறினால் பட்டியல் இருந்தும் பயனில்லை.

உடல்தானம் வேறு. உடலைப் பதப்படுத்த ரத்தக்குழாய் வழியே ஃபார்மலின் செலுத்துவார்கள். பிரேதப் பரிசோதனை நடந்த உடலிலும் உறுப்புகள் எடுத்த உடலிலும் குழாய்கள் அறுபட்டிருப்பதால் மருந்து கசிந்துவிடும். எனவே மருத்துவக் கல்லூரிகள் பொதுவாக அவற்றை ஏற்பதில்லை. கண் தந்திருந்தால் தடையில்லை.

கண்தானம் வீட்டில் இறப்பவராலும் முடியும். 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். குழு வரும்வரை ஃபேனை நிறுத்துங்கள். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்குக் கீழே தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். கண் வங்கிக்கு யார் போன் செய்வது என்பதை வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். எழுதிக் கொடுத்த உறுதிமொழி இருந்தாலும் அந்த நேரத்தில் உறவினர் சம்மதம் கேட்பார்கள்.