வாக்குச் சீட்டிலுள்ள கணக்கு: புளோரிடாவின் நிதித் தாக்க அறிக்கையும் நீதிமன்றமும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், குடிமக்கள் கையொப்பங்கள் திரட்டி அரசியலமைப்புத் திருத்தமொன்றை நேரடியாக வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். அது நிறைவேறுவதற்கு நூற்றுக்கு 60 வீத வாக்குகள் தேவை. அத்தகைய திருத்தத்தினால் அரசுக்கு ஏற்படக்கூடிய வரவு செலவினை வாக்காளருக்கு முன்கூட்டியே அறிவிக்கும் சில வரிகளே நிதித் தாக்க அறிக்கை எனப்படும். ஆளுநர் அலுவலகம், சட்டசபையின் இரு அவைகள், சட்டசபையின் பொருளாதார ஆய்வு அலுவலகம் ஆகியவற்றைச் சேர்ந்த நால்வர் அதனை வரைகின்றனர். சட்டசபை செய்ய மறுத்ததை மக்கள் தாமே செய்துகொள்ளும் வழியே இம்முறை. ஆயின் அதன் விலையைக் குறிப்போர் அதே சட்டசபையையும் நிர்வாகத்தையும் சேர்ந்தோரே என்பது கவனிக்கத்தக்கது.

2020 ஆம் ஆண்டு ஆகக்குறைந்த வேதனத்தை 8.56 டொலரிலிருந்து படிப்படியாக 15 டொலராக உயர்த்தும் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. அரச, உள்ளூராட்சி நிறுவனங்களின் மேலதிக வேதனச் செலவு 2022 இல் ஏறத்தாழ 16 மில்லியன் டொலராகவும் 2027 இல் 540 மில்லியன் டொலராகவும் இருக்கும் என அறிக்கை கூறிற்று. ஏனைய விளைவுகள் கணக்கிடப்படவில்லை என்பதையும் அது ஒப்புக்கொண்டது. இத்தொகைகள் பொய்யானவை அல்ல. எனினும், உழைப்பாளியின் கைக்குச் சேரும் கூலி இங்கு செலவாக மட்டுமே தோற்றம் பெறுகின்றது. அதே தொகை அவனது குடும்பத்தின் வரவு என்பதற்கு அக்கணக்கேட்டில் நிரல் இல்லை. ஆயினும் ஏறத்தாழ நூற்றுக்கு 61 வீதத்தினர் திருத்தத்தை ஆதரித்தனர்.

இவ்வறிக்கைகளை மாநில உயர் நீதிமன்றம் முன்னர் பரிசீலித்து வந்தது. 2019 டிசம்பரில், இதே வேதன வழக்கில், தனக்கு அவ்வதிகாரம் இல்லையென அது தீர்மானித்தது. சாதாரண சட்டமொன்றினால் நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தைச் சட்டசபை விரிவுபடுத்த முடியாது என்பது அதன் வாதம். சட்டவியல் நோக்கில் இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதன் விளைவாக வாக்கெடுப்புக்கு முன்பிருந்த வழமையான தடுப்பொன்று அகன்றது.

அதன் பொருள் 2024 இல் புலனாயிற்று. கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் தொடர்பான முதல் அறிக்கை காலங்கடந்துவிட்டதெனத் திருத்தத்தை முன்மொழிந்தோர் வழக்குத் தொடர்ந்தனர். கீழ் நீதிமன்றம் ஜூன் மாதத்தில் அதனைத் திருத்துமாறு பணித்தது. ஜூலையில் எழுதப்பட்ட புதிய அறிக்கையோ, கருக்கலைப்புகள் அதிகரித்தால் அரச வருமானத்தின் வளர்ச்சி காலப்போக்கில் பாதிக்கப்படலாம் என்றது. பெண்ணின் உடல் இங்கு எதிர்கால வரியிறுப்பாளரின் ஊற்றாகவே கணிக்கப்பட்டது எனலாம். ஓகஸ்டில் உயர் நீதிமன்றம், முன்மொழிந்தோர் திருத்த நடவடிக்கையில் ஆட்சேபமின்றிக் கலந்துகொண்டனர் என்று கூறி, 6க்கு 1 என்ற பெரும்பான்மையால் அவர்களது மனுவை நிராகரித்தது. நவம்பரில் திருத்தம் ஏறத்தாழ 57 வீத வாக்குகளைப் பெற்றுத் தோல்வியுற்றது. அத்தோல்விக்கு அறிக்கையே காரணம் என நிறுவ முடியாது. அது ஒவ்வொரு வாக்குச் சீட்டிலும் இருந்தது என்பது மட்டும் உறுதி.

ஆகவே நீதிமன்ற மீளாய்வு வேண்டப்படுவதே. ஆயின் அது போதுமானதன்று. பரிசீலித்த காலத்திலும் நீதிமன்றம் அறிக்கையின் தெளிவையும், அது அரச வரவு செலவுக்குள் அடங்குகின்றதா என்பதையுமே நோக்கியது. யாருடைய கணக்கு என்னும் வினா அதன் எல்லைக்கு வெளியே நின்றது. அவ்வினாவை எழுப்பும் பொறுப்பு மக்கள் இயக்கங்களையே சார்கின்றது.