நம் மாநிலம் பெயர் பெற்ற வரலாறு

குழந்தை பிறந்த வீட்டில் முதன்முதல் எழும் கேள்வி, என்ன பெயர் வைப்பது என்பதே. பாட்டனாரின் பெயரா, பாதுகாவலராகிய புனிதரின் பெயரா என்று குடும்பம் முழுவதும் கூடி ஆராய்கிறது. திருமுழுக்குச் சடங்கின் தொடக்கத்தில் குருவானவர் பெற்றோரிடம் முதலாவதாகக் கேட்பதும் குழந்தையின் பெயரைத்தான். பெயரிடுதல் அன்பின் செயல். அத்துடன் பொறுப்பை ஒப்படைக்கும் செயலுமாகும். ஆபிராம் ஆபிரகாம் ஆனதும், யாக்கோபு இஸ்ரயேல் ஆனதும், சீமோன் பேதுரு ஆனதும் புதியதொரு கடமையைத் தாங்குவதற்கே. இடங்களுக்கும் இது பொருந்தும். கனவில் ஏணியைக் கண்டு விழித்தெழுந்த யாக்கோபு, இறைவன் இங்கே இருக்கிறார் என்று உணர்ந்தவுடன், அந்த இடத்தின் பழைய பெயரை விடுத்து, இறைவனின் இல்லம் எனப் பொருள்படும் பெத்தேல் என்னும் பெயரை அதற்குச் சூட்டினார்.

நாம் வாழும் மாநிலத்துக்கும் ஒரு பெயர் உண்டு. 'தமிழ்நாடு' என்று நாள்தோறும் எழுதுகிறோம், பேசுகிறோம். பேருந்தின் மீதும் பள்ளிச் சான்றிதழின் மீதும் அதனைக் காண்கிறோம். ஆனால் நம் குடும்பங்களில் அறுபது வயதைக் கடந்தோர் பிறந்தபோது, சட்டப்படி இம்மாநிலத்துக்கு அப்பெயர் இல்லை. அது எப்போது வந்தது? அதற்காக யார் என்ன விலை கொடுத்தார்? நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் விழிப்பர். வத்திராயிருப்பிலிருந்து இதனை எழுதும் எனக்கு இவ்வரலாறு தொலைவில் நடந்த கதையன்று. அதன் உருக்கமான பகுதி நம் மாவட்டத்துத் தலைநகராகிய விருதுநகரிலேயே நிகழ்ந்தது.

பிறர் இட்ட பெயர்

1639-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சோழமண்டலக் கடற்கரையில் சிறிதளவு நிலத்தைப் பெற்று ஒரு கோட்டையைக் கட்டலாயினர். சென்னப்ப நாயக்கரின் பெயரால் சென்னப்பட்டினம் என்றும், மதராசப்பட்டினம் என்றும் வழங்கிய அவ்வூர் வளர்ந்து ஆட்சியின் தலைமையிடமாயிற்று. அவர்களுடைய ஆட்சி பரவப் பரவ, அந்த ஒரு நகரின் பெயரே தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்குப் பெயராயிற்று. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடரும் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்னும் ஒரே கூரையின்கீழ் வந்தனர். மதராசு நகரைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டிராத சிற்றூர் உழவரும் ஏடுகளில் மதராசுக்காரரே! கணக்கு எழுதுவோருக்கு எளிதாக இருந்த பெயர் குடிமக்களின் பெயராகிவிட்டது.

நம் வட்டாரமே இதற்கு ஒரு சான்று. திருவில்லிபுத்தூர் வட்டம் முதலில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனோடு சேர்ந்தது. 1985-இல் காமராசர் மாவட்டம் எனப் புதுப்பெயர் பெற்றது. 1997-இல் அது விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. வத்திராயிருப்பு என்னும் அழகிய நீண்ட பெயரும் ஆங்கிலத்தில் எழுதுகையில் 'வாட்ராப்' எனக் குறுகிவிடுகிறது. ஊர் மாறவில்லை, மலையும் வயலும் மாறவில்லை, எழுதுவோரின் வசதிக்கேற்பப் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

ஆயினும் மக்களிடையே பழம்பெயர் அழிந்துவிடவில்லை. தமிழ்நாடு என்னும் சொல் சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. வேங்கடம் முதல் குமரிவரை தமிழ் வழங்கும் நிலம் எனத் தொல்காப்பியத்தின் பாயிரம் எல்லை வகுக்கிறது. 1920-இல் காங்கிரசு மகாசபை தன் கிளைகளை மொழிவாரியாக அமைத்தபோது, தமிழ்ப் பகுதியின் கிளைக்குத் தமிழ்நாடு என்ற பெயரையே சூட்டியது. மக்களின் நாவில் இருந்த பெயர் சட்டத்தின் ஏட்டில் மட்டும் இல்லை.

பிற மாநிலங்களின் பெயர்கள்

நம் நாட்டு மாநிலங்களின் பெயர்களை ஆராய்ந்தால் அவை பலவகைப்படும். ஐந்து ஆறுகள் பாய்வதால் பஞ்சாப் எனப் பெயர் வந்தது. புத்த விகாரங்கள் நிறைந்திருந்ததால் பீகார் என்ற பெயர் எழுந்தது. நாகர் வாழும் நிலம் நாகாலாந்து. மிசோ மக்களின் நிலம் மிசோரம். அருணாசலப் பிரதேசமும் மேகாலயாவும் 1970-களில் வழக்குக்கு வந்த வடமொழிப் பெயர்கள். மேகாலயா என்றால் மேகங்களின் உறைவிடம். பெயர் அழகியதே, ஆனால் அங்கு வாழும் காசி, காரோ மக்களின் தாய்மொழியில் பிறந்த பெயரன்று அது. ஐக்கிய மாகாணம் 1950-இல் உத்தரப் பிரதேசம் ஆயிற்று. மைசூர் மாநிலம் 1973 நவம்பர் முதல் நாளில் கர்நாடகம் என்றாயிற்று. உத்தராஞ்சல் 2007-இல் உத்தராகண்டு ஆனது. ஒரிசா 2011-இல் ஒடிசா ஆனது.

ஒரு மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரத்தை அரசியல் சாசனத்தின் 3-ஆம் பிரிவு பாராளுமன்றத்துக்கே அளித்துள்ளது. அதற்கான மசோதாவைக் குடியரசுத் தலைவர் அந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். எனினும் முடிவு டில்லியில்தான். ஆதலால் பெயரொன்றைப் பெற மக்கள் நெடுங்காலம் வாதாட வேண்டியிருந்தது. சிலர் தம் உயிரையே கொடுத்தனர். தனி ஆந்திர மாநிலம் வேண்டி, 1952 அக்டோபர் 19-இல் சென்னையில் உண்ணாநோன்பு தொடங்கிய பொட்டி சிறீராமுலு, டிசம்பர் 15-இல் உயிர் துறந்தார். 1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலம் பிறந்தது.

விருதுநகர்ப் பெரியவர்

நான்கு ஆண்டுகள் கழித்து நம் மாவட்டத்தில் அதே போன்றதொரு நிகழ்ச்சி நடைபெற்றது. விருதுநகரை அடுத்த மண்மலைமேட்டில் 1895-இல் பிறந்தவர் சங்கரலிங்கனார். கதர் உடுத்திய காந்தியத் தொண்டர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். பதவியோ பட்டமோ இல்லாத இம்முதியவர், 1956 ஜூலை 27-இல் விருதுநகரில் உண்ணாநோன்பைத் தொடங்கினார். அவர் வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. மொழிவழி மாநிலங்கள் அமைய வேண்டும்; சென்னை இராச்சியத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிட வேண்டும்; நாடு முழுவதும் மதுவிலக்கு வேண்டும்; ஆட்சியாளர்கள் ஆடம்பரத்தைக் கைவிட வேண்டும்; இரயிலில் எல்லாரும் ஒரே வகுப்பில் பயணம் செய்ய வேண்டும்; உழவருக்கு விளைச்சலில் உரிய பங்கு வேண்டும் என்பன அவற்றுள் சில. ஒரு பெயருக்காக மட்டும் அவர் நோன்பிருந்தார் என்று எண்ணுவோர், அவருடைய உள்ளம் எத்தனை ஏழைகளை நினைத்திருந்தது என்பதை இப்பட்டியலால் அறியலாம்.

ஆகஸ்டு சென்றது, செப்டம்பரும் கழிந்தது. பல கட்சித் தலைவர்கள் நேரில் வந்து நோன்பைக் கைவிடுமாறு வேண்டினர். திரு. அண்ணாதுரையும் அவர்களுள் ஒருவர். பெரியவர் இணங்கவில்லை. நிலைமை மிகவும் மோசமானபின் மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1956 அக்டோபர் 13-ஆம் நாள் அங்கே உயிர் நீத்தார்.

அப்போது முதலமைச்சராக இருந்தவர் பெருந்தலைவர் காமராசர். அவரும் விருதுநகரில் பிறந்தவரே. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியையும் பகலுணவையும் கொண்டு சேர்த்த அந்த உத்தமரின் ஆட்சியில், அவருடைய ஊரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பட்டினியால் மாண்டார் என்பது நெஞ்சை உறுத்தும் உண்மை. இதனால் ஒருவரைப் பழிக்கவும் மற்றவரைப் புகழவும் நாம் புகவேண்டியதில்லை. இருவரும் நம் மண்ணின் மக்கள். இருவரும் தமக்கெனச் சேர்க்காதவர்கள். நல்லவர்கள் ஆளும்போதுங்கூட ஓர் எளியவரின் குரல் கேளாமற் போகலாம் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

சட்டமான பெயர்

பெரியவர் மறைந்த மூன்று வாரங்களுக்குள், 1956 நவம்பர் முதல் நாளில், மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. மலபார் கேரளத்தோடும், தென்கன்னடம் மைசூரோடும் சேர்ந்தன. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு இணைந்தன. எஞ்சிய மாநிலம் ஏறத்தாழ முழுவதும் தமிழ் பேசும் நிலமாயிற்று. ஆயினும் பெயர் மாறவில்லை. மதராசு என்றால்தான் உலகுக்குத் தெரியும் என்றனர் சிலர். நாடு என்னும் சொல் தனி நாட்டைக் குறித்துவிடுமோ என அஞ்சினர் வேறு சிலர். சோழநாடு, பாண்டிநாடு, தொண்டைநாடு என்று வட்டாரந்தோறும் நாடு என வழங்கும் நம் மரபை அவர்கள் கருதவில்லை போலும். 1961-இல் அரசு ஒரு படி இறங்கிவந்து, தமிழில் எழுதும்போது மட்டும் தமிழ்நாடு என்று குறிக்கலாம் என அறிவித்தது.

வங்காளத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்டு உறுப்பினர் பூபேஷ் குப்தா, பெயர் மாற்றத்துக்காகப் பாராளுமன்ற மேலவையில் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். 1963-இல் நடைபெற்ற விவாதத்தில் அண்ணாதுரை அதனை ஆதரித்துப் பேசினார். பெயரை மாற்றுவதால் என்ன ஆதாயம் என்று வினவியவர்களிடம், பாராளுமன்றத்தின் அவைகளுக்கு லோக் சபா என்றும் ராஜ்ய சபா என்றும் பெயர் வைத்ததால் உங்களுக்கு என்ன ஆதாயமோ அதுவே எங்களுக்கும் என்னும் கருத்துப்பட விடையிறுத்தார். மசோதா தோற்றது. ஆயினும் கேள்வி மாயவில்லை.

1967-இல் அண்ணாதுரை முதலமைச்சரானார். அவ்வாண்டு ஜூலை 18-இல் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. முன்பு எதிர்த்தவர்களும் இம்முறை எதிர்க்கவில்லை. 1968 நவம்பரில் பாராளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14, தைப்பொங்கல் நாளன்று, தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. நோயுற்றிருந்த முதலமைச்சர் அதன்பின் இருபது நாட்களே உயிரோடிருந்தார். பிப்ரவரி 3-இல் காலமானார். தீர்மானம் நிறைவேறிய ஜூலை 18-ஆம் நாளைத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடுவதென மாநில அரசு 2021-இல் அறிவித்தது.

கத்தோலிக்கராகிய நமக்கு அதே காலம் வேறொரு வகையிலும் நினைவுக்குரியது. 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், திருவழிபாட்டில் தாய்மொழிகளுக்குக் கதவைத் திறந்தது. இலத்தீனில் கேட்டுவந்த திருப்பலியைத் தமிழில் கேட்கும் பேறு நமக்குக் கிடைத்தது. அதற்குப் பன்னெடுங்காலத்துக்கு முன்பே, இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி அடிகளார் வீரமாமுனிவரானார். போர்த்துகல்லிலிருந்து வந்த தெ பிரித்தோ அருளானந்தரானார். நம் மொழியில் பெயர் பூண்ட பின்னரே அவர்கள் நம்மவராயினர்.

உண்ணாநோன்பும் நம் விசுவாசமும்

இங்கே மனச்சான்றுள்ள கத்தோலிக்கர் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. சாகும்வரை உண்ணாதிருப்பதை நாம் ஏற்கலாமா? திருச்சபையின் படிப்பினை தெளிவானது. உயிர் இறைவனின் கொடை; நாம் அதன் உரிமையாளர் அல்லர், கண்காணிப்பாளரே. அதனை நாமே முடித்துக்கொள்ளும் உரிமை நமக்கில்லை. ஆதலின் சங்கரலிங்கனார் தேர்ந்த வழியை நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டலாகாது. ஆயினும் அவருடைய உள்ளத்தை ஆராயும் நடுவர் ஆண்டவர் ஒருவரே. தமக்கென ஒன்றும் கேளாது பிறர்க்காகவே கேட்ட அவரது அன்பை மதிப்பதும், அவருக்காக மன்றாடுவதும் நமக்குத் தகும். ஆண்டவர் விரும்பும் நோன்பு எதுவென்று எசாயா இறைவாக்கினர் கூறியுள்ளதையும் எண்ணிப் பாருங்கள். தலையைத் தாழ்த்திக்கொள்வதன்று, நுகத்தை முறிப்பதும் பசித்தவரோடு உணவைப் பகிர்வதுமே அது.

நோன்பிருந்தவரை ஆராயும் நாம், கேளாதிருந்தவர்களையும் ஆராய வேண்டும். பதின்மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாரும் ஒருமனதாக ஏற்ற ஒன்றை, அவர் உயிரோடிருந்தபோதே ஏற்றிருக்கக் கூடாதா?

இதனை அரசாங்கத்துக்கு மட்டும் உரிய கேள்வியாக விட்டுவிடாதீர்கள். நம் இல்லங்களிலும் சில முதியவர்கள், "எனக்குப் பசியில்லை" என்று தட்டை ஒதுக்கிவிடுவதுண்டு. வயிறு நிறைந்ததால் அன்று. சொன்ன சொல்லை யாரும் காதில் வாங்காததால். மருமகளும் மகனும், "கிழவருக்குப் பிடிவாதம்" எனச் சொல்லி அப்பால் போய்விடுகின்றனர். மறுக்கப்பட்ட அந்த ஒரு வேளை உணவும் ஒரு விண்ணப்பமே. அருகில் அமர்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டால் போதும். பெரும்பாலும் அவர்கள் கேட்பது மிகச் சிறியதாகவே இருக்கும்.

பெயருக்கேற்ற வாழ்வு

விருதுநகரில் சங்கரலிங்கனாருக்கு மணிமண்டபம் அமைந்துள்ளது. அவ்வழியே செல்லும்போது பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். அவர் கேட்ட பன்னிரண்டில் பெயர் கிடைத்துவிட்டது. மதுவிலக்கு என்னவாயிற்று, எளிய வாழ்வு என்னவாயிற்று என்று அவர்களோடு சேர்ந்து சிந்தியுங்கள். மதுவினால் குடும்பங்கள் சிதைவதைப் பங்குதோறும் கண்டு வருந்தும் குருக்களுக்கு, அந்தப் பட்டியல் இன்னும் பழையதாகிவிடவில்லை.

பெயர் சூட்டுவது ஒரு நாளில் முடிந்துவிடும். அதனைத் தாங்குவது வாழ்நாள் முழுவதும் தொடரும் பணியாகும். கிறிஸ்தவர் என்ற பெயரைத் திருமுழுக்கில் பெற்றோம். தமிழ்நாட்டினர் என்ற பெயரை ஒரு முதியவரின் பட்டினியும் பலருடைய உழைப்பும் நமக்குப் பெற்றுத் தந்தன. இரண்டுமே நாம் விலை கொடுத்து வாங்கியவை அல்ல. ஆகவே இரண்டுக்கும் நாம் கடன்பட்டவர்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவர், நம் வீட்டிலும் ஊரிலும் கேட்பாரற்றிருக்கும் குரல்களைக் காலத்தே கேட்கும் செவியை நமக்குத் தந்தருள்வாராக!