சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்: இல்லக் கணினி, 1982
கேம்பிரிட்ஜ் நகரத்து சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனத்தாரால் 1982 ஏப்ரலில் வெளியிடப்பெற்று, 48 கிலோபைட் நினைவகத்துடன் 175 பவுண்டுக்கும், 16 கிலோபைட்டுடன் 125 பவுண்டுக்கும் தபால் மூலம் விற்கப்பட்டமையால், பிரிட்டனின் சாமானியக் குடும்பங்களுக்கும் சொந்தக் கணினி என்னும் பாக்கியத்தை அளித்தது இச்சிறு யந்திரம். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே இதற்குத் திரை. ஆகவே செய்தி நேரத்தில் தகப்பனாருக்கும் பிள்ளைகளுக்கும் தர்க்கம் எழுந்ததில் வியப்பில்லை. ரப்பர் விசைகளைச் சற்று உற்றுநோக்குங்கள்: வரியின் தொடக்கத்தில் ‘பி’ விசையை ஒருமுறை அழுத்தினாலே, பேசிக் மொழியின் ‘பிரிண்ட்’ என்னும் கட்டளை முழுவதுமாகத் தோன்றிவிடும். விளையாட்டுகள் ஒலிநாடாவில் வந்தன. டேப் ரிக்கார்டர் கீச்சிட, திரையோரத்தில் நீலமும் மஞ்சளுமாய்க் கோடுகள் ஓட, சில நிமிஷங்கள் பொறுமையுடன் காத்திருந்த பின்னரும், ஒலியளவு சிறிது பிசகியிருப்பின், நாடாவைப் பின்சுற்றி முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.