எழுத்துடைந்த பக்கங்களைச் சீர்செய்தல்

இணையப் பக்கங்களில் தமிழ் எழுத்துகள் உடைந்து தோன்றக் கண்டு, கணினிக்குத் தமிழ் ஒவ்வாது போலும் என முடிவுகட்டிய அன்பர் பலர் உளர். குறை மொழியினதன்று. பக்கத்தை அமைத்த முறைக்கும் அதனைக் காட்டிய பழைய உலாவிக்குமிடையே நேர்ந்த பிணக்கே அது.

ஈய அச்சுக்காலத்தில் 'கெ' என்பதைக் கோக்கும் தொழிலாளர் கொம்பை முன்னும் ககரத்தைப் பின்னுமாக வைத்தார். யூனிக்கோட் முறையிலோ ககரம் முன்னிற்கக் கொம்பு பின்வரும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று நாம் வகுப்பிற் கற்பிக்கும் இலக்கணத்திற்கு இதுவே இயைபுடையது. எனினும், திரையில் வரையுங்கால் கொம்பை இடப்புறம் நகர்த்தும் பொறுப்பு கணினியைச் சார்கின்றது. அடுத்தடுத்த குறிகளை ஒருங்கே நோக்கினாலன்றி அது கைகூடாது.

2006ஆம் ஆண்டு வெளிவந்த பயர்பாக்ஸ் 2 என்னும் உலாவி, விண்டோஸ் கணினிகளிற் பொதுவாக இதனைச் செவ்வனே செய்தது. ஆயின், பத்தியின் இருபுற ஓரங்களையும் நேராக்குமாறு பக்கத்தில் விதித்திருப்பின், குறிகளைத் தனித்தனியே பிரித்து வரைந்துவிட்டது. 'கொடை' என்ற சொல்லிற் கொம்பும் காலும் புள்ளிவட்டம் தாங்கிப் பிரிந்து நின்றன. கல்முனை, மருதமுனை, நிந்தவூர்ப் பகுதிகளினின்றும் வளைகுடா நாடுகளுக்குத் தொழில் நாடிச் சென்றோர்க்கு ஊர்ச் செய்தியும் மரண அறிவித்தலும் இணையவழியே எட்டின. அறிவித்தலில் இறந்தவர் பெயரே சிதைந்து தோன்றின் படிப்பவர் நிலை என்னாகும்? அலுவலகக் கணினியில் உலாவியை மாற்ற அவர்க்கு உரிமையுமில்லை.

தீர்வோ மிக எளிது. பக்கத்தின் பாணிக்கட்டளையில் 'டெக்ஸ்ட் அலைன்' என்பதற்கு எதிரேயுள்ள 'ஜஸ்டிபை' என்ற சொல்லை நீக்கி, 'லெப்ட்' என இடவேண்டும்; அவ்வளவே. "இப்பக்கத்தைக் காண இன்ன உலாவியை நிறுவுக" என அறிவித்தல் விருந்தினரைச் சொந்தப் பாய் கொண்டுவரச் சொல்வதை ஒக்கும். நம் கருத்தில், உடைவு இல்லாவிடினும் இடவோர ஒழுங்கே தமிழுக்கு நன்று. நெடிய சொற்கள் மிக்க நம் மொழியிற் குறுகிய பத்தியை இருபுறமும் நேராக்கினால், சொற்களிடையே ஆற்றுமணற் திட்டுகள்போல் வெளிகள் விழும்.

நோய் எதுவென முதலில் அறிதல் வேண்டும். தலைப்புகள் செம்மையாயிருக்கப் பத்திகள் மட்டும் உடையின் குற்றம் மேற்கூறிய விதியினது. எல்லாமே உடையின் குற்றம் கணினியினது; விண்டோஸ் எக்ஸ்பியில் இத்தகைய எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியே தெரிந்து நிறுவ வேண்டியிருந்தது.

2001ஆம் ஆண்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வேறொரு தொல்லை தந்தது. இடப்புறம் மிதக்கவிட்ட பெட்டிக்கு அப்புறமே 10 புள்ளி ஓரவெளி விதித்தால் அது 20 ஆக்கிக் காட்டும். இடம் போதாமல் அடுத்த பத்தி கீழே இறங்கிவிடும். அப்பெட்டிக்கு 'டிஸ்பிளே இன்லைன்' என ஒருவரி சேர்த்தால் வெளி சரியாகும்.

2008ஆம் ஆண்டு யூனில் வந்த பயர்பாக்ஸ் 3 எழுத்துடைவை நீக்கியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஆதரவைப் பெரும்பாலான விண்டோஸ் 10 கணினிகளில் 2022ஆம் ஆண்டு யூனில் மைக்ரோசொப்ட் நிறுத்திற்று. ஆயினும் பழைய கணினியொன்று எங்கேனும் இயங்கக்கூடும். ஆகவே, பக்கமொன்றை வெளியிடுமுன், கிடைக்கும் கணினிகளுள் மிகப் பழையதில் அதனைத் திறந்து, கொம்பும் காலும் வரும் பெயர்களை ஒருமுறை வாசித்துப் பார்க்குமாறு மாணவரை வேண்டுகின்றோம்.