முன் சொக் ஒயிலை மறக்காதீர்கள்

ஹட்டனிலிருந்து நோர்வூட்டுக்கு மோட்டார் சைக்கிளில் இறங்கும்போது பிரேக் பிடித்தால், பாரம் முன் சக்கரத்துக்கு வரும். முன் சொக்கின் ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவது உள்ளிருக்கும் ஒயில்தான். அது பழுதானால் வண்டி குப்புற அமுங்கும். குழியில் கைப்பிடி உதறும்.

பழைய 125 சிசி வண்டிகள் பலவற்றில் சொக்கின் அடியில் சிறு திருகாணி இருக்கும். நான் எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கிய பிறகே வேலை தொடங்குவேன். மேல்மூடியை ஸ்பிரிங் தள்ளும். அழுத்திப் பிடித்துக் கழற்றுங்கள். அடித் திருகாணியைக் கழற்றி, சொக்கை மேலும் கீழும் அசைத்து ஒயிலை வடியுங்கள். பால்தேநீர் நிறமாக வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீலையும் மாற்ற வேண்டும். திருகாணியைப் பூட்டி, கையேட்டில் சொன்ன ஒயிலை, சொன்ன அளவில், இரு பக்கமும் சமமாக ஊற்றி மூடுங்கள்.

கழிவு ஒயிலைத் தேயிலைக் கானில் ஊற்றாதீர்கள். கீழ் லயத்துப் பீலியில் அதுதான் குடிதண்ணீராக வரும்.