போன் நம்மளுது... பூட்டு அவங்களுது!

அந்தக் காலத்தில் அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் பித்தளை அண்டாவை அடகு வைப்பார்கள். கடைக்காரர் அண்டாவை உள்ளே வைத்துக்கொண்டு சீட்டு கொடுப்பார். கணக்கு சுத்தம்! இப்போது அண்டா நம் வீட்டு அடுப்பிலேயே இருக்கிறது. மூடி மட்டும் கடன் கொடுத்தவர் கையில். தவணை தவறினால், சாதம் வெந்ததோ இல்லையோ, 'டப்'பென்று மூடிவிடுவார்!

தவணையில் வாங்கும் செல்போனைத்தான் சொல்கிறேன் சார்.

எங்கள் மூக்கண்டப்பள்ளியில் ஒரே அறையில் மூன்று பேர், நான்கு பேர் என்று தங்கியிருக்கும் பிரம்மச்சாரிகளுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்திலேயே சிப்காட். ஷிப்டு, ஓ.டி., மெஸ் சாப்பாடு. ஊரிலிருந்து வந்தவர் முதல் சம்பளம் வாங்கியதும் செய்யும் முதல் காரியம், தவணையில் ஒரு ஸ்மார்ட் போன். 'முன்பணம் பூஜ்யம்' என்று போர்டு தொங்கினால் கால் தானாகக் கடைக்குள் போகிறது.

உள்ளே ஆதார், பான், ஒரு செல்பி, நாலைந்து ஓ.டி.பி. புதுப் போனை நம் கையில் கொடுப்பதற்கு முன்பே கடைப்பையன் அதில் என்னவோ தட்டுகிறான்.

"என்ன தம்பி அது?"

"ஒண்ணுமில்ல சார், ஃபைனான்ஸ் ஆப். அது இருந்தாத்தான் லோன் பாஸாகும்."

அந்த 'ஒண்ணுமில்ல'வில்தான் எல்லாமே இருக்கிறது! மற்ற ஆப்களைப் போல இதை அழிக்க முடியாது. போனுக்குள் நிர்வாகி பதவியில் உட்கார்ந்திருக்கும். அதாவது, அது வீட்டுக்காரர். காசு கொடுத்த நாம் குடித்தனக்காரர். தவணை தவறினால் எங்கிருந்தோ ஓர் உத்தரவு வரும். திரை பூட்டிக்கொள்ளும்.

என் அறை நண்பருக்குத் தவணைத் தேதி 5. காண்ட்ராக்டர் சம்பளம் போடுவது 7. நடுவில் இரண்டு நாள்... பூட்டு! மெஸ்ஸுக்குப் பணம் கொடுக்க ஜி-பே இல்லை. ஷிப்டு மாறிய வாட்ஸ்அப் தகவல் தெரியவில்லை. ஊத்தங்கரையிலிருந்து அம்மா நாலு தடவை கூப்பிட்டும் எடுக்க முடியவில்லை. 'பையனுக்கு என்னாச்சோ' என்று அவர் பஸ் ஏறக் கிளம்பிவிட்டார்.

"மச்சான், போன் திறக்கணும்னா பணம் கட்டணுமாம். பணம் கட்டணும்னா போன் திறக்கணும்டா!" என்று தலையில் கை வைத்தார் நண்பர். கடைசியில் அவர் சிம்மைக் கழற்றி என் பழைய பட்டன் போனில் போட்டு, ஓ.டி.பி. வாங்கி, என் போன் வழியாகக் கட்டினோம். அப்படியும் பூட்டு திறந்தது மறுநாள் மத்தியானம். பூட்டுவதற்கு ஒரு நிமிஷம், திறப்பதற்கு ஒரு நாள். இது எந்த ஊர் நியாயம்?

கடன் கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைந்த கடன்களில்தான் வாராக் கடன் அபாயம் அதிகம் என்கிறார்கள். ஈடு கேட்காமல், புதுசாக வேலைக்கு வந்த பையனுக்குக் கடன் கொடுக்கிறார்கள். பூட்டு இல்லையென்றால் வட்டி ஏறும், அல்லது கடனே கிடைக்காது என்பது அவர்கள் வாதம்.

சரி, ஆனால் வசூலுக்கு ஒரு வரம்பு உண்டே? அடியாட்களை அனுப்பி வண்டியைப் பிடுங்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2007-லேயே கண்டித்தது. இன்றைக்கு அடியாள் நம் சட்டைப் பையிலேயே குடியிருக்கிறான்! வண்டி போனால் பஸ்ஸில் போகலாம். போன் போனால் பர்ஸ், பேங்க், அடையாள அட்டை, அம்மா குரல்... எல்லாமே சேர்ந்து போகிறது.

இப்படிப் பூட்டுவதை நிறுத்தும்படி ரிசர்வ் வங்கி 2024-ல் சொன்னதாகவும், முன்கூட்டியே சம்மதம் வாங்குவது போன்ற நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதிக்க யோசிப்பதாகவும் 2025 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. சம்மதமா? கடையில் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஓடும் நாற்பது பக்கத்தில் கடைசியில் 'ஐ அக்ரீ' அழுத்துவதுதான் நம் சம்மதம்!

அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னார்கள். அந்த வழக்கைத் தொடுத்த புட்டசாமி யார் தெரியுமா? நம் ஜூஜுவாடி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரர்! கர்நாடக ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 2012-ல் வழக்குப் போட்டபோது எண்பது வயதைத் தாண்டியிருந்தார்.

குரல் கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கு இன்னொரு உதாரணம். புதுப் போன் எல்லாவற்றிலும் 'சஞ்சார் சாத்தி' ஆப்பைக் கட்டாயம் ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28-ல் உத்தரவு போட்டது. திருட்டுப் போனைக் கண்டுபிடிக்க உதவும் ஆப்தான். ஆனாலும் 'என் போனில் என்னைக் கேட்காமலா?' என்று நாடே கேட்டது. டிசம்பர் 3-ல் உத்தரவு வாபஸ்!

ஆகவே தவணைப் பிரியர்களே, சில விஷயங்கள்:

* கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: "போனைப் பூட்டுவீங்களா? எத்தனை நாள் தாமதமானா? பணம் கட்டினா எத்தனை மணி நேரத்துல திறப்பீங்க?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

* தவணைத் தேதியைச் சம்பள நாளுக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள்.

* கடன் ஆப் உங்கள் போட்டோக்கள், போன் நம்பர் பட்டியல், யாரோடு பேசினீர்கள் என்ற கணக்கு எதையும் தொடக் கூடாது. ரிசர்வ் வங்கி 2022-லேயே போட்ட விதி இது. கேட்டால் 'நோ' அழுத்துங்கள்.

* கடைசித் தவணை முடிந்ததும் பாக்கியில்லைச் சான்றிதழோடு விடாதீர்கள். அந்த ஆப்பையும் நீக்கச் சொல்லுங்கள். கடன் தீர்ந்த பிறகும் வீட்டுக்காரர் எதற்கு?

* தகராறு வந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், விவரத்துக்கு 14448. நுகர்வோர் உதவிக்கு 1915.

இந்த இரண்டு நம்பரையும் போனில் பதிந்து வைக்காதீர்கள். ஒரு பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போன் பூட்டிக்கொண்டால் சுவர்தான் கை கொடுக்கும்!